தலைக்குடமும் என் உயரமும்

மார்கழிக் குளிரில் தலைக்குடத்திலிருந்து தளும்பிய தண்ணீர், அடியில் துணி சுருட்டி வைத்த சும்மாட்டை நனைத்து, காதோரமாய் இறங்கி, முதுகில் ஊர்ந்துபோகும் அந்தச் சில்லிப்பு இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்கு மறக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கோயமுத்தூர்ப் பக்கம் துடியலூரை ஒட்டிய எங்கள் தோட்டத்தில், பதினாலு வயதுப் பெண்ணான நான் யாரும் ஏவாமலே கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன் என்றால், அது பொறுப்பினால் அல்ல. இன்னும் வளர்ந்துவிடுவேனோ என்ற பயத்தினால்.

ஒரே வருஷத்தில் நான் அப்பாவின் தோளைத் தாண்டியிருந்தேன். அத்தை வரும்போதெல்லாம் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏனுங்க அண்ணி, அம்மணிக்கு ஏணி வெச்சுத்தான் தாலி கட்டோணுமாட்ட இருக்குதுங்க" என்பாள். எல்லோருடனும் சேர்ந்து நானும் சிரித்துவிட்டு, மாடு கட்டும் "கட்டுத்தரை"க்குப் போய் அழுவேன். தோளைக் குறுக்கி, முதுகைக் கூனி நடக்கப் பழகிக்கொண்டேன். "தலைச்சுமை தூக்கற புள்ளை வளராது" என்று பெரியவர்கள் யாரையோ அதட்டியது காதில் விழுந்த அன்றே, வைத்தியம் கிடைத்துவிட்டதென்று குடத்தின் மேல் குடம் வைத்துச் சுமக்க ஆரம்பித்தேன். "நம்ம அம்மணிக்குப் பொறுப்பு வந்துருச்சுங்க" என்று அம்மா அப்பாவிடம் சொல்லிப் பூரித்துப்போனாள்.

பொங்கல் முடிந்து "பூ நோம்பி" வந்தது. பெண்பிள்ளைகளெல்லாம் கூடையில் பலகாரம் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கரட்டுக் குன்றுக்குப் போய், ஆவாரம்பூப் பறித்து, கும்மியடித்துவிட்டு வரும் நாள் அது. அன்று காலை, கதவு நிலையில் முன்பு என் உயரத்துக்குக் கரியால் போட்டு வைத்திருந்த கோட்டருகே நின்று பார்த்தேன். கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை வளர்ந்திருந்தேன். நோம்பியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று பாயில் விழுந்துவிட்டேன்.

கூப்பிட வந்தவள் பக்கத்துத் தோட்டத்துப் பழனியம்மாள். என் வயதுக்காரி, நல்ல பருமன். என் அழுகைக்கான காரணத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ வளரக் கூடாதுன்னு தண்ணி தூக்குனே. நா எளைக்கோணும்னு ராத்திரிக் களியத் திங்காம கெடந்தேன். பசிதான் மிச்சம். பாவம், இந்த ஒடம்பு யாருக்கு என்ன பண்ணுச்சு?"

எனக்கு என் உடம்பின் மேல் இரக்கம் வந்தது அப்போதுதான். அத்தனை குடத்தையும் முனகாமல் சுமந்தது அதுதானே.

"இன்னொண்ணு கண்ணு, சும்மா நடந்தா கூனற. தலைல கொடமிருந்தா நிமுந்து நடக்கற. அதப் பாக்க எத்தனை லட்சணமா இருக்குது தெரியுமா?" என்று என் கையைப் பிடித்து எழுப்பினாள்.

போனோம். உச்சிக் கொம்புப் பூவெல்லாம் என் கைக்குத்தான் எட்டியது. கும்மியில் பழனியம்மாளின் கைத்தட்டுக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. என் பங்குப் பலகாரத்திலும் பாதியை அவளே தின்றாள். திரும்பும்போது இரண்டு கூடைகளும் என் தலையில் இருந்தன. வாசலில் நின்ற அத்தை வழக்கம்போல் ஏணிப் பேச்சை எடுத்தாள்.

"ஏணிய மாப்பிள்ளையே கொண்டாரட்டுங்க அத்தை" என்றேன், தலை அசையாமல். முதலில் சிரித்தவள் அத்தைதான்.

இன்று அந்தக் கிணறு தூர்ந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே குழாய் வந்துவிட்டதால் சும்மாடு என்றால் என்னவென்று என் பேத்திகளுக்குத் தெரியாது. அத்தனை குடங்களாலும் குறையாத என் உயரத்தையும் வயது தானாகவே குறைத்துவிட்டது. பரண்மேல் இருப்பதை எடுக்க முக்காலியில் ஏறும்போதெல்லாம், அன்று கதவு நிலையில் பார்த்து அழுத அந்த ஒரு விரற்கடையைத்தான் கை தேடுகிறது.