டோக்கன் நம்பரும் வீட்டு நம்பரும்

1997 ஜூலை, ஒரு புதன்கிழமை. காலை ஒன்பது இருபது என்று டைரியில் இருக்கிறது. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் நாங்கள் நடத்திய குடும்பக் கட்டுப்பாடு முகாம். நான் களப்பணியாளர். வாசல் பெஞ்சருகே ஒரு கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துத் திகைத்து நின்றார்கள். காரணம், என் சுத்தமான பதிவேடு.

ஆண்கள் பட்டியல் என்னுடையது. பெயர் சொல்லக் கூச்சப்படுவார்கள் என்று சுரங்க டோக்கன் நம்பரை மட்டும் எழுதுவேன். பெண்கள் பட்டியலைச் சக ஊழியர் ஸ்டெல்லா, தொழிலாளர் லைன் வீட்டு நம்பரை வைத்து எழுதுவார். ரகசியம் காக்க நானே வகுத்த முறை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தால் தெரியாது என்பது அன்றுதான் உறைத்தது.

"ஃபர்ஸ்ட் ஷிப்டுன்னு டிபன் பாக்ஸோட கெளம்புனீங்களே?" என்றாள் விமலா.

"நீ பேத்தமங்களாவுல அக்காவப் பாக்கப் போறேன்னியே?" என்றார் செல்வராஜ்.

"அக்காவுக்கு இன்னா, நல்லாத்தான் இருக்கா."

மூன்றாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் விமலா பிழைத்ததே பெரிது. இன்னொரு கர்ப்பம் ஆபத்து என்று டாக்டர் இருவரிடமும் சொல்லியிருந்தார். அதைப் பற்றி வீட்டில் அவர்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பயந்து தடுத்துவிடுவார் என்று அவள் மறைத்தாள். பயந்து தடுத்துவிடுவாள் என்று அவர் மறைத்தார்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டுடன் வந்த ஸ்டெல்லா விமலாவைத் தனியே கூப்பிட்டார்.

"அவரு எதிர்லயே சொல்லுங்க சிஸ்டர்."

ரத்தம் குறைவு. தேறும்வரை அவளுக்கு ஆபரேஷன் கூடாது.

"அதுவரைக்கும் இன்னா பண்றது?"

"நான் இருக்கேன்ல," என்றார் செல்வராஜ்.

"நீங்க ஷாஃப்டுல எறங்குறவரு. தெம்பு போயிடுச்சின்னா?"

"எறக்குறது கேஜு லிஃப்டு. நானா குதிக்கிறேன்?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். விமலா சிரிக்கவில்லை. நேரே டாக்டரிடம் போய்ப் பதினொரு கேள்விகள் கேட்டாள், நான் எண்ணிக்கொண்டிருந்தேன். தெம்பு குறையாது, சில நாள் பளு தூக்கக் கூடாது, மூன்று மாதம் ஆணுறை, அதற்குப் பிறகு டெஸ்ட் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். செல்வராஜ் என்னிடம் இதில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

"சரி, போங்க," என்றாள் கடைசியில்.

பத்து ஐம்பதுக்கு அவர் உள்ளே போனார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். ஷிப்டுக்கென்று விடியற்காலையில் கட்டிய எலுமிச்சை சாதம். ஸ்டெல்லாவுக்கும் எனக்கும் ஆளுக்கு ஒரு கை கொடுத்தாள்.

அதற்குப் பிறகும் பட்டியல்களை நான் ஒன்றாக்கவில்லை. வீட்டில் சொல்ல முடியாத பெண்கள் உண்டு. அவர்களுக்குக் காரணமும் உண்டு. ஆனால் இரண்டு பதிவேட்டிலும் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டோம்: 'வீட்டில் பேசியாயிற்றா?' இல்லை என்றாலும் தேதி கொடுப்போம். பேச ஆசை, வாய்தான் வரவில்லை என்றால் கூடப் போய் உட்காருவோம். ரகசியம் காப்பது வேலையில் பாதிதான் என்று எனக்குப் புரிய அந்த பெஞ்சு வேண்டியிருந்தது.

அக்டோபரில் டெஸ்டுக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். ரிசல்ட் நன்றாக இருந்தது.

"இன்னிக்கு வீட்ல இன்னா சொல்லிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"பசங்ககிட்ட பேத்தமங்களான்னு சொல்லியிருக்கோம் சார்," என்றாள் விமலா.