மார்த்தா கப்பல் ஏறினாளா

பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். வெளியே மைனஸ் பத்தொன்பது. காற்றையும் சேர்த்தால் மைனஸ் இருபத்தேழு என்றது கைபேசி. வெளியே போனால் காற்று நம்மை விட்டுவிடவா போகிறது, அதை ஏன் தனியாகக் கணக்கில் காட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. கல்கரி நகரில் எங்கள் வட்டார நூலகத்தின் மாடி அறையில் பதினான்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பதின்மூன்றில் மாணவர்கள் இருந்தோம். பதினான்காவது ஆசிரியை ஹெதருக்கு. அவர் அதில் உட்காரவில்லை. மேசை மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, "இந்த நாவலைப் பொறுத்தவரை சரியான பதில் என்று எதுவும் கிடையாது" என்றார்.

சரியான பதில் இல்லாவிட்டால் எதை மனப்பாடம் செய்வது? பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் முதலிடம் கைவிட்டுப் போனால் வீடு வீடாகத் துக்கம் விசாரிக்கிற மாவட்டத்தைச் சேர்ந்தவன் நான். விருதுநகரில் நான் படித்த காலத்திலும் நாவல் உண்டு. துணைப்பாடம் என்று பெயர். அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை, எழுதினோம். "கதாநாயகியின் பண்புநலன்களை விவரி" என்று கேள்வி வரும். உண்மை, உழைப்பு, பொறுமை, தியாகம், அடக்கம் என்று ஐந்து உபதலைப்புப் போட்டு அடிக்கோடிட்டால் முழு மதிப்பெண். எங்கள் பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை உலகத்து எல்லாக் கதாநாயகிகளுக்கும் இந்த ஐந்து குணங்கள்தான். ஒன்று கூடவோ குறையவோ எவளும் பிறக்கவில்லை.

முதியோருக்கான இந்த மாலை வகுப்பில் என்னையும் என் மனைவி பாக்கியத்தையும் சேர்த்தது நான்தான். எங்கள் மகன் கண்ணனுக்குக் குழந்தை பிறந்து எட்டாம் மாதம், அதைப் பார்த்துக்கொள்ள வந்தோம். இப்போது பேத்திக்குப் பதினொரு வயது. பள்ளியிலிருந்து வந்து, தன் சாவியால் கதவைத் திறந்து, தானே ரொட்டி சுட்டுத் தின்றுவிட்டு, ஹலோ பாட்டி என்று சொல்லி மாடிக்குப் போய்விடுகிறாள். போன கோடையிலிருந்தே பாக்கியத்துக்கு ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்று இருந்தது. வாயைத் திறந்து அப்படி ஒரு முறையும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் பேருந்து நேரத்தைப் பார்ப்பேன். வகுப்பில் சேர்த்துவிட்டால் அவள் மனம் இங்கே ஒட்டும் என்பது என் திட்டம்.

நாவல் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தையது. பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் நீங்கள் தேடிப் பிடித்துக் கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பீர்கள். மார்த்தா என்று ஒருத்தி. தாயில்லாமல் போன அண்ணன் பிள்ளைகளை வளர்ப்பதற்காகக் கடல் தாண்டி ஒரு வடக்கத்தித் துறைமுகத்துக்கு வருகிறாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் பிள்ளைகள் வளர்ந்து, உப்பு வியாபாரம் நொடித்து, மறுபடி தழைத்து, கடைசிப் பக்கத்தில் சொந்த ஊர்க் கப்பல் கரையில் நிற்கிறது. மார்த்தா பெட்டியோடு நிற்கிறாள். அத்துடன் கதையை முடித்துவிட்டார் ஆசிரியர். ஏறினாளா இல்லையா என்று எழுதாமல் விட்டுப் போன மனிதரை எங்கள் ஊர் வாத்தியார்கள் பெயிலாக்கியிருப்பார்கள்.

"ஏறுவாளா, மாட்டாளா?" என்று கேட்டார் ஹெதர்.

ஐந்து வாரமாக வாயைத் திறக்காத பாக்கியம் கையைத் தூக்கினாள். அவளுடைய ஆங்கிலம் கடைத்தெரு ஆங்கிலம். விருதுநகரில் மல்லியும் வத்தலும் மொத்த வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவள். தேவைக்கு மேல் ஒரு சொல்லும் எடைபோட மாட்டாள். "போவாள்" என்றாள். "வேலைக்கு வந்தாள். வேலை முடிந்தது. முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும்."

"பிள்ளைகள் மேல் அவளுக்குப் பாசம் இல்லையா?"

"இருக்கிறது. பிள்ளைகள் பெரியவர்கள். அவர்களுக்குப் போன் இருக்கிறது."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் போன் ஏது என்று ஹெதர் மெதுவாக எடுத்துச் சொன்னார். "அப்படியானால் கடிதம்" என்றாள் பாக்கியம், விட்டுக்கொடுக்காமல்.

நானும் சிரித்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். சிரித்துவிட்டு எழுந்தும் நின்றேன். மற்றவர்கள் உட்கார்ந்தே பேசுவார்கள். எனக்கு உட்கார்ந்து பதில் சொன்னால் நாக்கு புரளாது. மார்த்தா ஏன் போக மாட்டாள் என்பதற்கு ஏழு காரணங்களை விரல்விட்டுச் சொன்னேன். கப்பல் கட்டணம் அதிகம். வயதான காலத்தில் பயணம் ஆகாது. ஊரில் அவளைத் தெரிந்தவர்கள் பாதிப் பேர் செத்திருப்பார்கள். அங்கே வெயில். மூட்டு வலி வந்தால் நல்ல வைத்தியம் இங்கேதான். இங்கே எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடக்கிறது. ஏழாவதாக, போய்ப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லையென்றால் என்ன செய்வாள்? கை தூக்கச் சொன்னார் ஹெதர். மாட்டாள் என்று ஒன்பது, போவாள் என்று நான்கு. கைதட்டினார்கள். போலந்திலிருந்து வந்து இருபத்தெட்டு வருடம் இங்கே பேருந்து ஓட்டிய யானுஷ் என் பக்கம் சாய்ந்து, "நீங்கள் வக்கீலா?" என்று கேட்டார். இல்லை, சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கிற கம்பெனியில் மேனேஜர் என்றேன். பட்டாசு என்றால் வெடிமருந்துதானே என்று யோசித்தவர், நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"கணவனும் மனைவியும் இவ்வளவு வெளிப்படையாகக் கருத்து மோதுவது எத்தனை அழகு" என்று எங்களைப் பாராட்டினார் ஹெதர். அடுத்த வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதி வரவும் சொன்னார். நாவலைப் பற்றி வேண்டாம், இன்று நடந்த விவாதத்தைப் பற்றி. இங்கே கேட்டவற்றில் எது உங்களோடு வீட்டுக்கு வந்தது என்று.

என்னோடு வீட்டுக்கு வந்தது பாக்கியம். பேருந்தில் பேசவில்லை. குளிர் என்று நினைத்தேன். ஒன்பது ஓட்டு வாங்கிய மகிழ்ச்சியில் இருந்தவனுக்கு அதற்கு மேல் நினைக்கத் தோன்றவில்லை. வீட்டுக்குள் நுழைந்து, அரிசியைக் களைந்து, குக்கரை அடுப்பில் வைத்து மூடினாள். பிறகு குக்கரைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏழு காரணம் சொன்னாகளே, கேட்டயா? மார்த்தாவுக்கு மூட்டு வலி வருமாம். அந்தப் பொம்பளைக்கு மூட்டு வலின்னு அந்தப் பொஸ்தகத்துல எங்கன எழுதியிருக்கு?"

நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. மூட்டு வலி எனக்கு.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தலைமுறைப் பெண்கள் கணவனிடம் முக்கியமான எதையும் நேராகக் கேட்பதில்லை. அவன் காதில் விழும்படி வேறு யாரிடமாவது சொல்வார்கள். கல்யாணமான புதிதில் நாங்கள் அச்சகத்தை ஒட்டிய வாடகை வீட்டில் இருந்தோம். தீபாவளி சீசன் வந்துவிட்டால் இரவும் பகலும் மெஷின் ஓடும், சுவர் அதிரும். பாக்கியம் என்னிடம் முறையிடவில்லை. காலையில் நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது பால்காரரிடம், "அண்ணே, நீங்க ஊத்துற பாலு நல்ல பாலுதான். என்ன, இந்த வீட்டுல தயிரு உறைய மாட்டேங்குது, ஆடிக்கிட்டே இருக்கு" என்றாள். அந்த மாதமே வேறு வீடு பார்த்தேன். இப்படித் தையற்காரர், வளையல்காரர், கைக்குழந்தை, ஏழாயிரம்பண்ணைக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் டிரைவர் என்று எத்தனையோ பேர் மூலமாக எனக்குச் செய்தி வந்திருக்கிறது. நாற்பத்து மூன்று வருடத்தில் ஒன்றையும் நான் தவறவிட்டதில்லை. வேறு தேசத்தில், வேறு மொழியில், மார்த்தா என்ற பெயரில் வந்ததால் நாவல் விவாதம் என்று நினைத்துவிட்டேன். நினைத்ததோடு நில்லாமல் எதிர்த்துப் பேசி ஜெயித்தும் விட்டேன்.

ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். நான்கு தாள் கிழித்தேன். வியாழக்கிழமை எல்லோரும் வாசித்தோம். யானுஷ், தான் கை தூக்கியது முழங்கை வலிக்கு இதமாக இருந்ததால்தான் என்றும், உண்மையில் மார்த்தாவைப் பற்றி அவருக்கு ஒரு கருத்தும் இல்லை என்றும் எழுதியிருந்தார். பாக்கியம் ஒரு பக்கமெல்லாம் எழுதவில்லை. எழுந்து, நின்றே படித்தாள்: "இங்கே எனக்கு நான்கு ஓட்டு விழுந்தது. எங்கள் வீட்டில் கேட்டிருந்தால் ஒன்றுதான் விழுந்திருக்கும், அதுவும் என்னுடையது. இந்த வகுப்புக்கு நன்றி." உட்கார்ந்து, கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

என் முறை வந்தது. நான் எழுதியதன் சாரம் இது: போன வாரம் நான் சொன்ன ஏழு காரணங்களையும் வீட்டுக்குப் போய் நாவலோடு ஒத்துப் பார்த்தேன். கட்டணம் மட்டும்தான் புத்தகத்தில் இருக்கிறது. மற்ற ஆறும் அதில் எங்கும் இல்லை. அவை ஊருக்குப் போகப் பயப்படும் ஒரு மனிதனுடையவை. அந்த மனிதன் எழுந்து நின்று பேசியதால் பெரிய உண்மை போலத் தெரிந்திருக்கிறது. மார்த்தாவை யாரும் கேட்கவில்லை. ஆகவே என் ஓட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஹெதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆண் வாசகனின் குரல் ஒரு பெண் பாத்திரத்தை எப்படி விழுங்குகிறது என்பதை இவ்வளவு துல்லியமாக எந்த மாணவரும் எனக்கு எழுதித் தந்ததில்லை" என்றார். நான் அப்படி எதுவும் எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பாராட்டை மறுத்தால் இந்த ஊரில் இன்னொரு முறை பாராட்டுவார்கள் என்பதால் விட்டுவிட்டேன். மறுபடி ஓட்டெடுப்பு நடந்தது. போவாள் என்று பதினொன்று, மாட்டாள் என்று ஒன்று. யானுஷின் முழங்கை இன்னும் சரியாகவில்லை. பாக்கியம் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை.

பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்கமாக எதிர் இருக்கையில் உட்காருவாள்.

"நேரா என்கிட்டயே கேட்டிருக்கலாமே" என்றேன்.

"நேராக் கேட்டா நீங்க கணக்குப் போட்டிருவீக. கணக்குப் போட்டு இல்லைன்னுட்டா, அப்புறம் நான் அதைத் தாண்டி எப்படிப் போறது?"

"இப்பச் சொல்லு. போகணுமா?"

"ஊர்ல மாடி வீட்டைக் காலி பண்ணித் தரச் சொல்லி என் தம்பிகிட்டச் சொல்லிட்டேன். வெள்ளையடிச்சாச்சு."

"எப்பச் சொன்ன?"

"பொங்கலுக்கே."

பொங்கலிலிருந்து எத்தனை வாரம் என்று விரல்விட்டு எண்ணினேன். "அப்ப அன்னைக்கு வகுப்புல கையத் தூக்குனது எதுக்கு? நீதான் முடிவு பண்ணிட்டயே."

"நான் போறதுக்கு முடிவு பண்ணிட்டேன்" என்றாள். "நீங்க வாறீகளா இல்லையான்னு தெரியணும்ல. நீங்க என்னடான்னா எந்திரிச்சு நின்னு ஏழு காரணம் சொல்லுறீக. ஒம்பது பேரு கை தட்டுறாக."

கைதட்டியது பதினொரு பேர், அவர்களில் மூன்று பேர் அவள் பக்கம் ஓட்டுப் போட்டவர்கள் என்று திருத்த நினைத்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் எண்ணிக்கையைத் திருத்தாமல் விட்டேன்.

மகனிடம் சொன்னபோது அவனுக்கு முகம் வாடியது. "ஏம்மா, இங்க உனக்கு என்ன குறை?" என்றான்.

"ஏலே, குறை இருந்தா ஆஸ்பத்திரிக்குல்ல போவாக. நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள். பேத்தி மாடியிலிருந்து இறங்கி வந்து, பாட்டி எப்போது திரும்பி வருவாள் என்று கேட்டாள். பாக்கியம் அவள் தலையைக் கோதினாள். நீ லீவுக்கு வா என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணன் மடிக்கணினியைத் திறந்து ஏப்ரல் கடைசிக்கு விமானம் தேடினான். கல்கரியிலிருந்து மதுரைக்கு. பாக்கியத்துக்குப் போவதற்கு மட்டும். அடுத்து என் பெயரையும் தட்டச்சு செய்துவிட்டு, "அப்பா, உங்களுக்கு?" என்று திரையை என் பக்கம் திருப்பினான். ஒரு வழி, இரு வழி என்று இரண்டு சின்ன வட்டங்கள். செப்டம்பரில் ஹெதர் அடுத்த நாவலைத் தொடங்குகிறார். என் மூட்டுக்கான மருத்துவக் கோப்பு இங்கே இருக்கிறது. விருதுநகர் பேருந்து நிலையத்தில் இறங்கினால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட எத்தனை பேர் மீதி என்று மனத்துக்குள் எண்ணினேன். ஒரு கை விரல் போதுமாக இருந்தது. இங்கே எண்ணினேன், அதுவும் ஒரு கைதான். கண்ணன் காத்திருந்தான். நான் இரண்டாவது வட்டத்தைத் தொட்டேன்.

பாக்கியம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். "உங்களுக்குத் திரும்பி வாறதுக்கும் போட்டிருக்கு."

"தேதியை மாத்திக்கிடலாமாம்."

"போற தேதியையா, வாற தேதியையா?"

கண்ணன் அச்சுப்பொறியை முடுக்கினான். அவள் டிக்கெட் ஒரு தாளில் முடிந்துவிட்டது. என்னுடையது இரண்டு தாள். அவள் மூன்றையும் ஒன்றாக அடுக்கித் தட்டி, என் இரண்டாவது தாள் மட்டும் அடியில் போகும்படி வைத்து, கடவுச்சீட்டுகளோடு சேர்த்து ரப்பர் வளையம் போட்டாள். அதை எடுத்து மேலே வைக்க நான் கையை நீட்டவில்லை. அடியில் இருந்தாலும் அது இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. இருவருக்கும் சேர்த்து, வரி உட்பட, மூவாயிரத்து இருநூற்று முப்பது டாலர்.