பினாங்குக்குப் போக இருந்த செவலை

மோகனூர் அங்கமுத்துவுக்கு வயதான காலத்திலும் நினைத்து நினைத்து மகிழ ஒரு நடை இருந்தது: நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வரை, ஓர் எருதோடு.

முப்பதுகளின் தொடக்கம் அது. பினாங்குக்குக் கப்பலேறும் மாடுகளைச் சூரமங்கலத்தில் கூட்ஸ் வண்டியில் ஏற்றிவிடுவது அவர் வேலை. சந்தை மாடுகள் வண்டிக்குச் சாய்த்த ஏறுபலகையைக் கண்டால் மிரளும். அங்கமுத்து தன் சொந்த எருதான செவலையை முன்னால் நடத்துவார். அது நிதானமாக ஏறும், மற்றவை பின்தொடரும். எல்லாம் ஏறியதும் எதிர்க்கதவு வழியாகச் செவலையை இறக்கிக்கொள்வார்.

மாட்டை விற்றவர் பழைய கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விடுவது அங்கே வழக்கம். வாங்கியவர் புதுக்கயிறு போட்டுத்தான் பிடிப்பார். ஓர் ஐப்பசியில் செவலையின் கயிறு அறுந்துபோக, மாடுகளை வாங்கி அனுப்பும் வியாபாரியின் புதுக்கயிறு ஒன்றையே அங்கமுத்து போட்டுவிட்டார். அன்று பலகையிலிருந்து ஒரு காளை சரிந்து விழுந்தது. செவலையை உள்ளே கட்டிவிட்டு அதைத் தூக்க ஓடினார். அடிபட்டதைத் தண்ணீர்த் தொட்டியருகே சேர்த்துவிட்டுத் திரும்பினால், கதவுக்குச் சீல் வைத்தாயிற்று. புதுக்கயிற்றைப் பார்த்த ஆட்கள் செவலையையும் வியாபாரியின் மாடென்றே எண்ணிவிட்டார்கள். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது.

அடுத்த ரயிலைப் பிடித்து அவர் நாகப்பட்டினம் சேர்ந்தபோது, செவலை கடற்கரையில் கூட்டத்தோடு நின்றது.

"அது என்ர எருதுங்க. ஏத்தறதுக்குப் போனது, உள்ளயே மாட்டிக்கிச்சுங்க."

துறைமுக மேஸ்திரி சிரித்தார். "புதுக்கயிறு கிடக்கு. வித்துட்டு இப்பக் கண்ணைக் கசக்குறியாக்கும்?"

"நானே போட்ட கயிறுங்க."

"மாட்டுக்கு மாடு ஒரு கதை வச்சிருப்பே போலிருக்கே!"

கப்பல் தொலைவில் நின்றது. படகில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அலையைக் கண்ட மாடுகள் அரைநாள் அடித்தும் அசையவில்லை.

"நான் ஏத்தித் தாரனுங்க. ஏத்திட்டு என்ர மாட்ட ஓட்டிக்கிறேன்."

"ஏத்து, பார்க்கலாம்."

செவலை படகுப் பலகையில் கால் வைத்தது. நாற்பது மாடுகளும் அதன் பின்னால் போயின. கடைசி மாடு ஏறியதும் அங்கமுத்து செவலையின் கழுத்தில் கைவைத்துத் திருப்பினார். மேஸ்திரி தடுக்கவில்லை.

"ஓட்டிக்கிட்டுப் போய்யா. கூலி தர்றேன், நாளைக்கும் வர்றியா?"

அங்கமுத்து செவலையோடு கரைக்கு நடந்தார். படகிலிருந்த மாடுகள் கரையேறும் செவலையையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பார்வையை மட்டும் அவர் யாரிடமும் விவரித்ததில்லை.

ரயிலில் ஏற்ற மனம் வராமல் காவிரிக் கரையோடு நடந்தார். கும்பகோணத்தருகே யாரோ வைக்கோல் உதறிப்போட்டார்கள். திருவையாற்றில் மழைக்கு ஒரு மண்டபம். முதுகு காய, வெயிலில் இருவரும் சும்மா நின்ற காலைகள்.

பதினோராம் நாள் மனைவி செல்லியம்மாள் வாசலுக்கு வந்து இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊட்டுக்கு வழி தெரிஞ்சுதாக்கும்! மாடு கொழுத்து வந்திருக்குது, நீங்கதான் குச்சியாப் போயிட்டீங்க."

"அதுக்கு வழியெல்லாம் விருந்து. எனக்கு ஆரு இலை போட்டா?"

மறுவாரம் மாடு ஏற்றக் கூப்பிடச் சூரமங்கலத்திலிருந்து ஆள் வந்தது. அங்கமுத்து ஏரை நிறுத்தவில்லை.

"மாடு இனி ஏறாதுங்க" என்று மட்டும் சொல்லி, செவலையை அடுத்த சாலுக்குத் திருப்பினார்.