சாக்குத் திரைக்குப் பின்னால்

முதல் இருமலுக்கு ஒரு கொண்டலாத்தி பறந்துபோனது.

வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் அது மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது. தலையில் விசிறிக் கொண்டை, இறக்கையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை. மூன்று நாள் காத்திருந்து கிடைத்த பறவை. மூச்சை அடக்கிக்கொண்டு கேமராப் பொத்தானில் விரலை வைத்தேன். நெஞ்சுக்கு அடியில் ஏதோ சுரண்டியது. இருமினேன். படத்தில் வெறும் மண்ணும், ஒரு மூலையில் வால் நுனியும்தான் விழுந்திருந்தன.

எனக்கு இருமல் மேல் கோபம் வரவில்லை, பறவை மேல்தான் வந்தது. இதைப் படிக்கிறவர்களில் பலரும் என்னைப் போலத்தான் இருப்பீர்கள், இருமலை ஒரு பொருட்டாக நினைக்க மாட்டீர்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சங்ககிரிக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. இருபது வருடத்துக்கு மேல் ரிக் வண்டியில் (ஆழ்துளைக் கிணறு போடும் லாரி) வேலை பார்த்தேன். வடக்கே நான் துளை போடாத மாநிலம் குறைவு. பாறைக்குள் இரும்பு இறங்கும்போது வெள்ளைத் தூசி எழும்பி ஆளையே மூடிவிடும். ஐம்பத்து மூன்று வயதில் முதுகு வலி தாங்காமல் ஊர் திரும்பினேன். சேலத்தில் கட்டிக்கொடுத்த மகள் பிரியா கேமரா வாங்கிக் கொடுத்தாள். சும்மா இருந்தால் அம்மாவைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

நான் ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் என் மனைவி மல்லிகா கொல்லையில் முட்டைக்கோழி வளர்த்தாள். அதை மூடி அப்போதே ஏழு வருடமாகியிருந்தது. கூண்டுகளை விற்றுவிட்டோம். ஓட்டுக் கொட்டகை மட்டும் நின்றது. விட்டத்தில் புறாக்கள் குடியேறின. தரையில் பழைய எச்சமும் புது எச்சமும் காய்ந்து பொடியாகிக் கிடந்தன.

நான் கேமராவோடு வெயிலில் நிற்பதைப் பார்த்து மல்லிகாதான் சொன்னாள். "ஏனுங்க, செட்டுக்குள்ள உக்காந்துக்கலாமல்லங்க? காத்தோட்டமாவும் இருக்குது, குருவிக்கும் நீங்க தெரிய மாட்டீங்க."

நல்ல யோசனை. கொட்டகை ஜன்னலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, கேமரா நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டேன். வெளியே மண்சட்டியில் தண்ணீர் வைத்தேன். மைனா, செம்போத்து, தேன்சிட்டு, மாம்பழச்சிட்டு எல்லாம் வந்தன. தினமும் காலையில் சாக்கை நன்றாக உதறிக் கட்டிவிட்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். ரிக் வண்டி இரைச்சலில் பாதிக் காது போன எனக்கு அந்த அமைதி பெரிய சுகமாக இருந்தது.

என் படங்களிலேயே எல்லோரும் மெச்சியது கொட்டகைக்குள் எடுத்தது. ஒரு புறா விட்டத்திலிருந்து கிளம்புகிறது. உடைந்த ஓட்டின் வழியே சாய்வாக வெயில் இறங்குகிறது. அந்த வெயிலுக்குள் பொன் தூவியது போல ஆயிரம் புள்ளிகள் மிதக்கின்றன. பிரியா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தாள். கூடத்தில் மாட்டினோம்.

இருமல் நிற்கவில்லை. சில நாள் பிற்பகலில் குளிர் எடுத்து உடம்பு காயும், காலையில் விட்டுவிடும். மொட்டை மாடிக்கு ஏறினால் பாதியில் உட்கார வேண்டியிருந்தது. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது.

பக்கத்து ஊர் மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

"என்ன வேலைங்க பாத்தீங்க?"

"ரிக்குலங்க."

"அதானுங்க. உள்ள போன தூசி வெளிய வராது. நல்ல காத்துல ஓய்வா இருங்க."

எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் பக்கத்தில் ரிக் வேலை பார்த்தவன் இருமினால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. நல்ல காற்றைத் தேடி நான் கொட்டகைக்குப் போனேன். நாலு மணி நேரம் ஐந்தானது.

நடுவில் ஒரு காதுகுத்துக்காகப் பிரியா வீட்டில் பத்து நாள் தங்கினோம். நாலாம் நாளே இருமல் பாதி குறைந்தது, நன்றாகச் சாப்பிட்டேன். "மக கையில சோறு தின்னா மட்டும் எறங்குது பாரு" என்று மல்லிகா சீண்டினாள். ஊருக்கு வந்த மூன்றாம் நாள் மறுபடி காய்ச்சல். இரண்டு மாதம் கழித்தும் இதே கதைதான், சேலத்தில் குறைந்து வீட்டில் ஏறியது. நாங்கள் தண்ணீரைக் குறை சொன்னோம்.

கடைசியில் பிரியா என்னைச் சேலத்தில் நுரையீரல் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். இளம் வயதுப் பெண். முதுகில் கருவியை வைத்து நீண்ட நேரம் கேட்டார். குழாயில் ஊதச் சொன்னார், சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சங்ககிரிப் பக்கத்து ஆள் என்றதும் கோழிப்பண்ணை உண்டா என்று விசாரித்தார். மூடி ஏழு வருடமாயிற்று என்றேன். கொட்டகை நிற்பதைச் சொல்லத் தோன்றவில்லை.

"இப்ப பொழுது எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

அதற்காகவே காத்திருந்தவன் போல நான் செல்போனை நீட்டி, பொன் தூவிய படத்தைக் காட்டினேன். அவர் புறாவைப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் வெயில் விழுந்த இடத்தைப் பெரிதாக்கினார்.

"இதுல மினுங்குறது என்னன்னு நினைக்கிறீங்க?"

"வெளிச்சமுங்க."

"இல்லைங்க. புறா எச்சமும் இறகும் காஞ்ச தூள். இதுக்குள்ள தினமும் எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

சொன்னேன். பக்கத்தில் மல்லிகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஒவ்வாமை நுரையீரல் அழற்சி (மூச்சில் போகும் ஒரு பொருளை உடம்பு பகையாக நினைத்துத் தன் நுரையீரலையே புண்ணாக்கிக்கொள்வது) என்று மருத்துவர் விளக்கினார். ரிக் தூசியால் வந்ததென்றால் மகள் வீட்டில் நாலு நாளில் குறைந்திருக்காது என்றார். பத்து வருடம் அதைக் கூட்டிப் பெருக்கிய மல்லிகாவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். சில உடம்புக்கு வரும், சில உடம்புக்கு வராது என்பதுதான் பதில்.

பிறகு ஸ்கேனை விளக்கில் காட்டினார். "மேகம் மாதிரி தெரியுறது மருந்துல வடியும். வலை மாதிரி தெரியுறது தழும்பு, அது போகாது. அது பெருகாம இருக்கணும்னா நீங்க இனி அந்தக் கொட்டகைக்குள்ள கால் வைக்கக் கூடாது."

பேருந்தில் மல்லிகா அழுதாள். "நாந்தானுங்க அதுக்குள்ள உக்காரச் சொன்னேன்."

"நீ கொட்டகையச் சொன்ன. நாலு மணி நேரம் உக்காந்தது நாந்தான புள்ள" என்றேன். அவள் சமாதானமாகவில்லை.

ஸ்டீராய்டு மாத்திரை (அழற்சியைத் தணிக்கும் மருந்து) தொடங்கினேன். முகம் பூசணிக்காயாய் உப்பியது, கண்டபடி பசித்தது. ஆனால் இருமல் அடங்கியது. மூன்றே மாதத்தில் ஒரே மூச்சில் மாடி ஏறினேன். கொட்டகையைப் பிரித்தால் தூசி கிளம்பும், மழை பெய்து நனையட்டும் என்று விட்டுவைத்திருந்தோம்.

இனி எழுதுவது எழுதக் கூசுகிற பகுதி.

ஒரு காலையில் கொண்டலாத்தி ஜோடியாக வந்தது. மல்லிகா பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்தாள். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, பத்தே நிமிடம் என்று கொட்டகைக்குள் போனேன். அன்று எதுவும் ஆகவில்லை. அதுதான் கேடாகப் போனது. ஒன்பது நாள் போனேன், ஒவ்வொரு நாளும் அவள் பால் பாத்திரத்தோடு திரும்புவதற்குள் வெளியே வந்துவிட்டேன். ஒன்பதாம் நாள், ஆண் பறவை கொண்டையை முழுக்க விரித்துப் பெண்ணுக்குப் புழு ஊட்டும் படம் கிடைத்தது. பிற்பகல் மூன்று மணிக்குப் பல் கிட்டிக் குளிர் எடுத்தது.

சளி என்று சொல்லி ஒரு வாரம் மறைத்தேன். உதடு நீலம் பாய்ந்ததைப் பார்த்து மல்லிகா போன் செய்ய, பிரியா கார் எடுத்து வந்தாள். புது ஸ்கேனில் வலை இரண்டு பக்கமும் மேலே ஏறியிருந்தது. மருத்துவர் திட்டவில்லை. "எத்தனை நாள் போனீங்க?" என்று மட்டும் கேட்டார். மல்லிகா முன்னால்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

வெளியே வந்து நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவள் பேசினாள். "அந்தக் குருவிக்கு நீங்க யாருன்னே தெரியாது. எனக்குத் தெரியுமல்லங்க." இத்தனை வருடத்தில் என்னை இப்படி வெட்கப்படுத்திய சொல் வேறு இல்லை.

நாங்கள் சேலத்தில் இருந்தபோதே ஆட்கள் வந்து கொட்டகையை நனைத்துப் பிரித்து எடுத்துப்போனார்கள். கூடத்துப் படத்தை மல்லிகா கழற்றப் போனாள். இருக்கட்டும் என்றேன். என் நோயைக் கண்ணால் பார்க்க எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

உங்களுக்கு ஒன்று சொல்வேன். மருத்துவர் வேலையைக் கேட்டால் வேலையை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ஓய்வாக எங்கே உட்காருகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இப்போது படுக்கையறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு கண்ணாடி வழியாகப் படம் எடுக்கிறேன். மூச்சை அடக்க முடியாது. இழுப்பதற்கும் விடுவதற்கும் நடுவே ஒரு நொடி கிடைக்கும், அதில் அமுக்க வேண்டும். என் நாளில் இப்போது மணிக் கணக்கு இல்லை. குளியலறைக்கு இருபது மூச்சு, வாசலுக்கு முப்பத்தைந்து.

போன மார்கழியில் கொண்டலாத்தி ஜன்னலுக்கு அடியிலேயே வந்தது. கண்ணாடியை ஒட்டி நின்று எடுத்தேன். என் மூச்சு சில்லென்ற கண்ணாடியில் ஆவியாகப் படிந்து பறவையின் பாதியை மறைத்துவிட்டது. படத்தை அழிக்கவில்லை.

இந்த மார்கழியிலும் அதே ஜன்னல், அதே பறவை, அதே போல ஒட்டி நின்றேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதையெல்லாம் மருத்துவர் கணக்கில் எடுக்க மாட்டார், குளிரும் ஈரமும் நாளுக்கு நாள் மாறும் என்பார். மல்லிகாவிடம் நான் காட்டவில்லை. இந்த முறை ஆவி ஓரத்தில் மட்டும்தான் படிந்திருக்கிறது, பறவை ஏறக்குறைய முழுதாகத் தெரிகிறது.