கதவுக்கு வெளியே கேட்ட நாற்பத்திரண்டு

அன்று நான் ‘ஆறேழு’ என்று வாய்விட்டுச் சொன்னேனா, அல்லது மனத்துக்குள் நினைத்ததோடு சரியா? எத்தனை யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், மூடிய கதவுக்கு வெளியே நின்ற என் மூன்று வயது மகள் ‘நாப்பத்திரண்டு’ என்று உரக்கச் சொன்னதுதான்.

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பதற்காக எழுதிய நுழைவுத் தேர்வு அது. மகள் பிறந்ததும் கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் பார்த்துவந்த வேலையை விட்டேன். புள்ளியியல் படிக்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் விடவில்லை. ஒரு முறை முயன்று பார், இடம் கிடைத்தால் மூன்று பேரும் போகலாம், இல்லையென்றால் திரும்ப வேலைக்குப் போ என்றார் கணவர். ஒரு முறை என்றால் ஒரு முறைதான். அவர் கறாரானவர் அல்ல. ஆனால் இரண்டாவது முறை கேட்க எனக்கு வாய் வராது.

தேர்வை மையத்துக்குப் போயும் எழுதலாம், வீட்டிலிருந்து கணினியிலும் எழுதலாம். மகள் அரைநாள்கூட என்னைப் பிரிந்திருந்ததில்லை என்று வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். அதுவே முதல் தவறோ என்று இப்போது தோன்றுகிறது. மையத்துக்குப் போயிருந்தால் அவள் அழுதிருப்பாள், அவ்வளவுதான்.

எங்கள் வீடு ஆரியசாலையில், குடும்பத்தின் அரிசிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. மூட்டை இறக்கும் சத்தத்துக்குத்தான் நான் பயந்தேன். மாமியார் கீழே போய்ச் சொல்லி, லாரியைச் சாயங்காலம் வரவைத்தார். மகளைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அலமாரியைப் பூட்டினேன், சுவரில் இருந்த காலண்டரைக்கூடக் கழற்றினேன். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, குரல் கேட்கக் கூடாது, கேள்வியை வாய்விட்டுப் படிக்கக் கூடாது என்பது விதி. அந்தக் கடைசி விதியை நான் சரியாகக் கவனிக்கவில்லை. வாய்விட்டுப் படிக்கும் வயதா எனக்கு என்று நினைத்திருப்பேன்.

ஐந்தாம் வகுப்பு வரை நாகர்கோவில் பக்கம் தமிழில் படித்தவள் நான். பிறகு மேல்வகுப்புகள், கல்லூரி, அலுவலகம் எல்லாம் ஆங்கிலம். ஆனாலும் பெருக்கல் மட்டும் பழைய வாய்பாட்டு ராகத்தில்தான் வரும். திரையில் கால்குலேட்டர் இருந்தாலும் கை அதைத் தொடுவதற்குள் வாய் முந்திக்கொள்ளும். தேர்வுக்குத் தயாரான மாதங்களில் படிக்கவும் சோறூட்டவும் எனக்குத் தனித்தனி நேரம் கிடைக்கவில்லை. மடியில் புத்தகம், கையில் உருண்டை. கணக்குப் போட்டுக்கொண்டே ‘ஆறேழு’ என்று நிறுத்துவேன். மகள் ‘நாப்பத்திரண்டு’ என்று வாயைத் திறப்பாள். உருண்டை உள்ளே போகும். பொருள் தெரிந்து சொன்னதில்லை. பாட்டின் மறுபாதி அவளுக்கு அது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடக்கிறதே என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

தேர்வின் கணக்குப் பகுதியில் பாதி தாண்டியிருப்பேன். பாட்டி அசந்த நேரத்தில் மகள் கதவருகே வந்திருக்கிறாள். திரையில் இருந்த கணக்கின் விடை நாற்பத்திரண்டு அல்ல. ஆனால் போகிற வழியில், ஆறையும் ஏழையும் பெருக்கும் இடத்தில் நாற்பத்திரண்டு வரும். அவள் குரல் கேட்டதும் கதவைத் திரும்பிப் பார்த்தேன். கேமரா வழியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்த கண்காணிப்பாளர் தேர்வை நிறுத்தி, உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். மடிக்கணினியைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டினேன். கதவு, கட்டில், கட்டிலுக்கு அடியில். வெளியே என் மகள் விளையாடுகிறாள் என்றேன். சரி, தொடருங்கள் என்றார். அவள் சொன்னது ஓர் எண் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எழுதியதில் ஒரு கேள்விகூட எனக்கு நினைவில்லை.

என்னோடு முன்பு வேலை பார்த்த தோழி, அதே வாரம் மையத்தில் எழுதினாள். அவளுக்கு மதிப்பெண் வந்துவிட்டது. தேர்வுத் தளத்தில் என் பக்கத்தைத் திறந்தால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றுதான் வருகிறது. சிலருக்குத் தாமதமாவது சாதாரணம் என்கிறாள் அவள். சாலைக் கடைத்தெருவில் காய்கறி வாங்க நிற்கும்போதும் கைபேசியைத் திறந்து பார்க்கிறேன். தேர்வின்போது எடுத்த பதிவை யாரோ உட்கார்ந்து கேட்கிறார்கள், அவருக்குத் தமிழ் தெரியாதென்று ஒரு நிமிடம் ஆறுதல். அடுத்த நிமிடமே, தமிழ் தெரிந்தவர் எந்த ஊரில்தான் இல்லை என்று மறுபடியும் கைபேசியைத் திறக்கிறேன். உள்ளே ஒருத்தி கேட்க, வெளியே ஒருவர் விடை சொல்கிறார். குழந்தைக் குரலை வைத்து ஏமாற்றும் புதுவழி என்று நினைத்துவிட்டால்? மதிப்பெண்ணை ரத்து செய்து, இனி எழுதவே முடியாதபடி ஆக்கிவிட்டால்?

போன ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடும்போது எல்லாவற்றையும் வீட்டில் சொன்னேன். தேர்வு நடத்துபவர்களுக்கு நாமே முந்திக்கொண்டு எழுதித் தெரிவிக்கலாமா என்று கேட்டேன்.

“கடையில எடை குறைஞ்சு போச்சுன்னா நாமளே ஆளு விட்டுச் சொல்லிரணும் மக்களே. வாங்கினவன் வந்து கேட்ட பொறவு சொன்னா அதுக்குப் பேரு வேற” என்றார் மாமியார் என்னிடம்.

“அம்மா, அது அரிசி. கேக்காதத நாம எதுக்குப் போய்ச் சொல்லணும்? நீ மிண்டாம, வாயத் தொறக்காம இரு” என்று கணவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“இவன் புரியாதத வாத்தியார்ட்ட கேக்காம மிண்டாம இருந்துதான் பத்தாங்கிளாசு கணக்க ரெண்டு தடவ எழுதினான்” என்றார் மாமியார்.

கணவரே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டுமே சரியாகத்தான் படுகிறது. எழுதினால், அவர்கள் கவனிக்காமல் விட்ட ஒன்றை நானே விரல் நீட்டிக் காட்டியதாகலாம். எழுதாவிட்டால், மறைத்தேன் என்றாகலாம். அதோடு எழுதும்போது என்னவென்று எழுதுவது? நான் வாய் திறந்தேன் என்றா, திறக்கவில்லை என்றா?

இப்போது ஊட்டும்போது நான் எண் எதுவும் சொல்வதில்லை. நேற்று மகள் உருண்டையை வாங்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நான் சொல்லக் கூடாதா?”

சொல்லலாம் என்று சொல்ல வேண்டியதுதானே. அப்புறம் சொல்லலாம், முதலில் சாப்பிடு என்று மட்டும் சொன்னேன்.

விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்குகிறது. குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து இப்படித் தேர்வு எழுதியவர்கள் இதைப் படிப்பவர்களில் இருப்பீர்கள். வெளிக்குரல் கேட்டு, பரிசீலனையில் சிக்கி, பிறகு மதிப்பெண் வந்தவர்களோ வராதவர்களோ இருந்தால் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். தேர்வு நடத்துபவர்கள் கேட்பதற்கு முன்னால் நான் எழுதிவிடவா, காத்திருக்கவா? எழுதுவதென்றால், எனக்கே உறுதியாகத் தெரியாத ஒன்றை எந்த வார்த்தையில் எழுதுவது?