கரும்பலகையை அழிப்பதற்கு முன்

பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு ஒரு வகுப்பறையைப் பார்த்திருக்கிறீர்களா? பெஞ்சுகள் அப்போதுதான் மூச்சு வாங்கி ஓய்வது போல இருக்கும். சன்னல் வழியே சாய்ந்து இறங்கும் வெயிலில் சாக்பீஸ் தூள் மெல்ல மெல்ல மிதக்கும். தோஹாவின் ஓர் இந்தியப் பள்ளியில், இரண்டாவது மாடியில், பத்தாம் வகுப்பு பி பிரிவில், அந்தத் தூளுக்கு நடுவே தினமும் பிற்பகலில் ஒரு மனிதர் வந்து நிற்பார். கையில் துடைப்பம், தோளில் ஈரத்துணி, நீலச் சட்டையின் முதுகில் துப்புரவு கம்பெனியின் பெயர்.

அவர் பெயர் அழகுமலை. ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். படிப்பு நாலாம் வகுப்பு. தொழில்பேட்டையின் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து கம்பெனி வேனில் வந்து, பதினெட்டு வகுப்பறைகளைக் கூட்டித் துடைத்துப் பலகைகளை அழித்துவிட்டுப் போக வேண்டும். பதினேழு அறைகளைக் காற்று போலச் சுற்றி வருவார். பத்து பி-யைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார். அங்கே வந்ததும் துடைப்பத்தைச் சாத்திவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நோட்டை விரிப்பார். பலகையில் அன்று என்ன இருக்கிறதோ அதை அப்படியே வரைந்துகொள்வார். ஆம், வரைந்துகொள்வார். ஆங்கிலம் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. வளைவு வளைவாக, கோடு கோடாக, ஒரு முகத்தைப் பார்த்து வரைவது போல வரைவார். அதன் பிறகுதான் பலகையை அழிப்பார்.

கீழே வேனில் ஹாரன் அலறும். ஓட்டுநர் ஹபீப் முகம்மது கீழக்கரைக்காரர்.

"யல்லா அழகு, யல்லா! என்ன, கலெக்டர் பரீட்சைக்கா படிக்கிறீரு மேல?"

"இந்தா வந்துட்டேன் பாய்! ஒரு வரிதான் பாக்கி!"

2004 ஜூனில் இது தொடங்கியது. அவருடைய மகள் சந்தியா ஊரில் பத்தாம் வகுப்புக்குப் போயிருந்தாள். பள்ளி திறந்த வாரமே கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போனார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. கணக்குப் பாட வேளையில் தமிழய்யா வந்து, "சத்தம் போடாம உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிப்பாராம். மனைவி நாகவள்ளி போனில் இதைச் சொன்ன மறுநாள், பத்து பி-யின் பலகையை அழிக்கப் போன அழகுமலையின் கை பாதியில் நின்றது. பலகை நிறையக் கணக்கு. இதுவும் பத்தாம் வகுப்புதானே! தன் மகளுக்கு இல்லாதது இங்கே தூளாக உதிர்ந்து துணியில் ஒட்டிக்கொண்டு போகிறதே என்று நெஞ்சு பதறியது.

அன்று முதல் ஒரு நாளும் தவறவில்லை. நோட்டு நிறைந்ததும், லீவில் ஊருக்குப் போகிற யாராவது ஒருவரின் பெட்டியில் அது ஏறிவிடும். அப்படிப் பதினாறு நோட்டுகள் கடல் தாண்டின. பகலில் மாப் போடும்போதுகூட அவருக்கு ஒரு கனவு வரும். ஈரத்தரையின் பளபளப்பில் பத்து பி-யின் முதல் பெஞ்சு தெரியும். அதில் இரட்டைச் சடையோடு சந்தியா உட்கார்ந்திருப்பாள். தரை காய்ந்தால் அவள் போய்விடுவாள் என்று இன்னொரு முறை மாப்பை நனைப்பார்.

ஜனவரியில் அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் வந்தது. கணக்கில் பதினேழு.

"எங்கண்ணன் மில்லு ஏஜென்ட்டுகிட்ட சொல்லி வச்சிருச்சுங்க," என்றாள் நாகவள்ளி போனில். "பரீட்சையில பெயிலானா மூணு வருசக் கான்ட்ராக்ட்டு, ஆஸ்டல்லயே தங்கல். பெயிலான புள்ளைய வீட்டுல வச்சு என்ன பண்ணப் போறேன்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல?"

 எங்கேயோ ஒரு வளைவைத் தப்பாகப் போட்டிருக்கிறேன், அதனால்தான் பிள்ளைக்குப் புரியவில்லை என்று அழகுமலை தன்னையே நொந்துகொண்டார். மறுநாள் ஒரு ஸ்கேலோடு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி எழுதினார். வாசலில் ஆள் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"அண்ணா... என்ன எழுதறீங்க?"

கணக்கு டீச்சர் உமாராணி, மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுக்கத் திரும்பி வந்திருந்தார். சென்னைப் பெண். கணவர் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் இன்ஜினியர். அழகுமலை துள்ளி எழுந்தார்.

"ஒண்ணுமில்லீங்க மேடம். இந்தா தொடச்சிர்றேன்."

"பரவால்ல, காட்டுங்க."

நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கம் கணக்கு. அடுத்த பக்கம் இந்தி. அதற்கடுத்தது வேதியியல் சமன்பாடு. கடைசி வகுப்பு எந்தப் பாடமோ அதுதானே பலகையில் நிற்கும்! இன்று எழுதிய பக்கத்தில் வெறும் பெயர்கள். ரோகன், அன்ஷுல், ஃபாத்திமா, மறுபடி ரோகன்.

"இது என்னன்னு தெரியுமாண்ணா?"

"கணக்குங்க மேடம்."

"கிளாஸ்ல பேசிட்டிருந்த பசங்க பேருண்ணா. லீடர் எழுதி வச்சது." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"பதினாறு நோட்டு அனுப்பிட்டேனுங்களே மேடம்..." அழகுமலை பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார். "எழுத்து ஒண்ணு விடாம அனுப்பினேனே..."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உமாராணி மெதுவாகச் சொன்னார்: "இங்க இருக்கறது சிபிஎஸ்இ. உங்க பொண்ணோடது ஸ்டேட் போர்டு, தமிழ் மீடியம். புத்தகமே வேறண்ணா."

"பத்தாங்கிளாஸுன்னா எல்லாப் புள்ளைக்கும் ஒரே பத்தாங்கிளாஸு இல்லீங்களா மேடம்?"

ஆசிரியர் பயிற்சியில் இதே கேள்விக்கு ஆறு பக்கம் விடை எழுதியவர் உமாராணி. கல்வியில் சமவாய்ப்பு என்ற தலைப்பு. வகுப்பிலேயே முதல் மதிப்பெண். இப்போது நோட்டை மூடி அழகுமலையிடம் திருப்பிக் கொடுத்தார். இந்த அறையின் பிள்ளைகள் இந்நேரம் காரில் ட்யூஷனுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஒரு கணக்கை மூன்று பேர் மூன்று முறை சொல்லித் தருவார்கள். அந்தப் பெண்ணுக்கோ வகுப்பில் பேசிய பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் போயிருக்கிறது.

வெள்ளிக்கிழமை அழகுமலை டெலிபோன் கார்டோடு தெருவோரப் போன் கூண்டுக்குள் நுழைந்தார். ஊரில் பக்கத்து வீட்டுப் போனுக்குச் சந்தியாவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"தாயி... அப்பா அனுப்புன நோட்டெல்லாம் ஒம் பாடமே இல்லையாமே."

"தெரியும்ப்பா."

"எப்ப இருந்து?"

"மொத நோட்டுல இருந்தே."

"சொல்லியிருக்கலாம்ல கண்ணு?"

"சொன்னா எழுதறத நிறுத்திருவீங்கல்ல. நீங்க எனக்காக உக்காந்து எழுதறீங்கன்னு நெனச்சுக்கிட்டே படிப்பேன்ப்பா. ஆமா, ரோகன்னு ஒருத்தன், வாரத்துல மூணு நாள் பேரு வருதே. ரொம்ப வாயாடியோ?"

அழகுமலை சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடிக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். வெளியே வரிசையில் நின்றவர்கள் ஊரில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து, அவசரப்படுத்தாமல் நின்றார்கள்.

இரண்டு வாரத்தில், சென்னையிலிருந்து வந்த ஓர் உறவினர் மூலம் தமிழ் வழிக் கணக்குப் புத்தகம் ஒன்றை உமாராணி வரவழைத்துவிட்டார். கடைசி மணி அடித்ததும் தன் பிள்ளைகளின் பாடத்தை அழித்துவிட்டு, சந்தியாவின் பாடக் கணக்குகளைப் படிப்படியாகத் தமிழில் பலகையில் போட்டுவிட்டுப் போவார். ஆங்கில வழியிலேயே படித்தவர், அதனால் பல சொற்களில் தடுக்கி விழுவார்.

"சாயுயரம்னு போட்டிருக்கு. நாக்குலயே நிக்க மாட்டேங்குதுண்ணா."

"கூரை உச்சியில இருந்து சாஞ்சு எறங்குற நீளமுங்க மேடம். ஓட்டு வேலைக்குப் போயிருக்கேன்ல."

பாலைவனத்து வெயில் படிந்த அந்தப் பலகையில் தமிழ் எழுத்துக்களைப் பார்க்கும்போதெல்லாம் அழகுமலைக்கு உடம்பு லேசாகிவிடும். ஏழு மாதமாக வரைந்த கை இப்போது எழுதியது. தான் எழுதுவதைத் தானே வாய்விட்டுப் படித்தார். வெள்ளிதோறும் அந்த வாரத்துக் கணக்குகளைப் போனில் வரி வரியாகச் சொல்வார். அங்கே சந்தியாவைச் சுற்றி அவள் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் தரையில் உட்கார்ந்து எழுதுவார்கள். கார்டு தீரப்போகிறது என்று போன் பீப் அடித்ததும் அவர் படபடவென்று ஒப்பிப்பார். "மெதுவா சித்தப்பா! அடைப்புக்குறிக்கு உள்ளயா வெளியவா?" என்று அந்தப் பெண்கள் ஒன்றாகக் கத்துவார்கள்.

மார்ச்சில் தேர்வு முடிந்தது. மே மாதக் கடைசியில் ஒரு பிற்பகல் ஹபீப் முகம்மது, செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி இரண்டு மாடி ஏறி ஓடி வந்தார்.

"ஓய் அழகு! வூட்டுலருந்து! புடியும்!"

"நாப்பத்தொண்ணுங்க!" நாகவள்ளியின் குரல் உடைந்தது. "கணக்குல நாப்பத்தொண்ணு! எல்லாத்துலயும் பாஸு! எங்கண்ணன் வாயே தொறக்கல. மில்லு வண்டி வந்துச்சு. இவ வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தா. வண்டி அப்படியே போயிருச்சுங்க!"

அழகுமலை பத்து பி-க்குள் நுழைந்தார். பலகையைச் சுத்தமாக அழித்தார். பிறகு அந்தப் பள்ளிக்கு வந்த இத்தனை காலத்தில் முதல் முறையாக ஒரு சாக்பீஸை எடுத்தார். மேல் மூலையில் தமிழில் எழுதினார்: சந்தியா 41.

மறுநாள் காலையில் புதிய பத்து பி அதைப் பார்த்தது. தமிழ் படிக்கத் தெரிந்த ஜெகின் எழுந்தான்.

"மேம், யாரு சந்தியா? ஒன்லி ஃபார்ட்டி ஒன்னா?"

உமாராணி சாக்பீஸோடு அந்த எண்ணின் பக்கத்தில் போய் நின்றார்.

"ஜெகின், உனக்கு வருஷம் முழுக்கக் கணக்கு டீச்சரே கிடையாது. ட்யூஷன் கிடையாது. வாரத்துக்கு ஒரு நாள் போன்ல ஒருத்தர் படிக்கிறதைக் காதால கேட்டே கத்துக்கணும். உனக்கு எத்தனை வரும்?"

ஜெகின் உண்மையாகவே யோசித்தான். "ஸீரோ, மேம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அந்தப் பெயரையும் எண்ணையும் சுற்றி ஒரு கட்டம் போட்டு, அதற்குக் கீழே பாடத்தைத் தொடங்கினார்.

பிற்பகலில் அழகுமலை வந்தபோது கட்டத்துக்குப் பக்கத்தில் டீச்சரின் தமிழில் இரண்டு சொற்கள் இருந்தன: அழிக்க வேண்டாம். ஈரத்துணியை இரண்டாக மடித்து, கட்டத்தின் கோட்டில்கூடப் படாமல், மற்ற எல்லாவற்றையும் அழித்தார். உமாராணி விடைத்தாள் கட்டோடு வாசலைக் கடந்து போனார்.

"மேடம்," என்று தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார் அழகுமலை. "பதினொண்ணாங்கிளாஸுக்கும் தமிழ்ப் புத்தகம் யாராச்சும் கொண்டாருவாங்களா?"

கீழே ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது.