சுறாவும் மைலோவும்

கொதிநீரில் முக்கி எடுத்த பால்சுறாத் துண்டுகளைச் சிங்குக்குள் வைத்து, கத்தியின் முதுகால் சுரண்டிக்கொண்டிருந்தார் சற்குணம். சுறாவின் தோல் மணல் ஒட்டியதுபோல் இருக்கும். சூடு ஆறுமுன் சுரண்டிவிட வேண்டும், ஆறினால் விடாது. விரல் நுனிகள் சிவந்துவிட்டன. ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஆனாலும் தோர்ண்டன் ஹீத்தின் அந்தச் சின்ன ஃபிளாட் முழுக்க மீன் வாடை.

உள்ளறையில் வான்மதி படுத்திருந்தாள். பிள்ளை பெற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவள் புருஷன் யனுஷன், சற்குணத்தின் தம்பி மகன், தாயில்லாதவன். வான்மதிக்குத் தாய் உண்டு, ஆனால் மலேசியாவில், கிள்ளானில். பக்கவாதத்தில் விழுந்த கணவரை விட்டுவிட்டு அந்த மனுஷி விமானம் ஏற முடியாது. அதனால் யனுஷனின் அத்தையான சற்குணம் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, நகரின் மறுகோடி வால்தம்ஸ்டோவிலிருந்து பையோடு வந்து இறங்கினார். முதியவர்களை வீட்டில் போய்ப் பராமரிப்பது அவர் வேலை. குளிப்பாட்டவும் ஊட்டவும் புரட்டிப் படுக்க வைக்கவும் முறையாகப் பழகியவர்.

வந்த அன்றே மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாம் வறுத்து அரைத்துச் சரக்குக் கறி வைத்தார். அடுத்த நாள் மீனில் சரக்கு. அதற்கடுத்த நாள் முருங்கைக்கீரை. யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்றவளுக்கு இதுதான் சாப்பாடு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வான்மதி ஒவ்வொரு தரமும் "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று வாங்குவாள். இரண்டு வாய் வைப்பாள். பிறகு தட்டு கட்டிலோரம் ஆறிக் கிடக்கும்.

இன்று காலை மிட்வைஃப் வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்தாள். நிறை ஏறவில்லை. தாய் வயிறாரச் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், பிள்ளையை எழுப்பி எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும் என்றாள். நாளைக் காலை திரும்ப வந்து நிறுப்பதாகவும், அப்போதும் ஏறாவிட்டால் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். வான்மதி பிள்ளையின் காலுறையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள்.

அதனால்தான் சுறா. பால் சுரக்கச் சுறாவை விட்டால் வேறென்ன?

அவித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூவும் மிளகும் போட்டு வறை வறுத்து, சுடுசோற்றோடு கொண்டு போனார். வான்மதி "வைங்க ஆன்ட்டி, சாப்பிடுறேன்" என்றாள். அரை மணி கழித்துத் தட்டெடுக்கப் போனபோது தட்டு வைத்த மாதிரியே இருந்தது. அதைக் கையில் எடுத்த நேரம் வான்மதியின் ஃபோன் அடித்தது. வீடியோவில் அவள் அம்மா. அங்கே இரவாகியிருந்தது.

"பசியாறிட்டியாம்மா?"

"ஆச்சும்மா. இப்பதான் சாப்பிட்டேன்."

"அந்த ஆன்ட்டி நல்லாப் பாத்துக்கிறாங்களா?"

"ரொம்ப நல்லாப் பாத்துக்கிறாங்கம்மா."

சற்குணம் நிறைந்த தட்டோடு கதவடியில் நின்றார். ஃபோனில் அந்த அம்மா பேசிக்கொண்டே பக்கத்தில் இருந்த கணவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். குவளையில் ஏதோ கட்டியாகக் கலக்கி, அதில் பிஸ்கட்டைத் தோய்த்து, சொட்டாமல் தூக்கி வாயில் வைத்தார். நல்ல கை என்று சற்குணம் எண்ணினார். அவசரமில்லை, ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்தது.

அப்போதுதான் வான்மதியைக் கவனித்தார். அங்கே பிஸ்கட் குவளைக்குள் முங்கும்போதெல்லாம் இங்கே வான்மதியின் தொண்டை ஏறி இறங்கியது. யார் விழுங்குகிறார்கள், யார் விழுங்கவில்லை என்று பார்ப்பதற்குத்தான் சற்குணத்துக்குச் சம்பளம். இந்தப் பெண் விழுங்குவதை அவர் இங்கே வந்தபின் ஒழுங்காகக் கண்டது இப்போதுதான்.

ஃபோன் வைத்ததும் கட்டிலில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, அம்மாவுக்குப் பொய் சொன்னது சரி. எனக்குச் சொல்லக் கூடாது. சுறா பிடிக்கேல்லையோ?"

"ஐயோ, நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி."

"நல்லா இருக்குதெண்டு பாத்துக்கொண்டு இருந்தனீரோ?"

வான்மதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "எங்க வீட்ல சுறாவே வாங்க மாட்டாங்க. வாடை கொமட்டுது. அந்த மிளகுக் குழம்பும் முடியல. நீங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து கை வேகச் செய்றீங்க… எப்படிச் சொல்றது லா?"

"வாயாலை சொல்லுறதுதான். இப்ப சொல்லும், என்ன வேணும்?"

"மைலோ."

"மைலோவோ! பள்ளிக்கூடப் பிள்ளையள் கரைச்சுக் குடிக்கிற சொக்கலேட் மாவோ?"

"கட்டியா, டின்பால் ஊத்தி. கிரீம் கிராக்கர் தோய்ச்சு. காய்ச்சல் வந்தா அம்மா அதான் குடுப்பாங்க. ஆனா மலேசியா டின்னா இருக்கணும் ஆன்ட்டி. இங்க வர்றது வேற மாதிரி இருக்கும்."

யனுஷன் ஈரத் துணிகளோடு வந்து நின்றான். "வை டிட்ன்ட் யூ டெல் மீ?" என்றான். வான்மதி அவனைப் பார்த்த பார்வையில் அவன் துணி காயப்போடப் போய்விட்டான்.

சற்குணத்துக்கு அவள்மீது கோபம் வரவில்லை, தன்மீதுதான் வந்தது. வால்தம்ஸ்டோவில் அவர் பார்க்கும் வெள்ளைக்காரக் கிழவரிடம், பாணில் ஜாமா, மார்மலேடா, ஓரம் வெட்டவா வேண்டாமா என்று தினமும் கேட்கிறார். இங்கே ஒரு நாள்கூட அவர் கேட்கவில்லை. தமிழ்ப் பிள்ளைதானே, நம்முடைய சாப்பாடு அவளுக்கும் சாப்பாடு என்று இருந்துவிட்டார்.

கோட்டை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். காலையில் சுறா விற்ற புவனேசன் கல்லாவில் நின்றான்.

"என்னக்கா, சுறா வேலை செய்ததோ?"

"சுறாவை விடும். மலேசியா மைலோ இருக்கோ?"

"பத்தியத்துக்கு மைலோவோ? உங்கட மாமியார் கேள்விப்பட்டா சுடலையிலையிருந்து எழும்பி வருவா!"

"வரட்டும். அவவுக்கும் ஒரு கப் கலக்கிக் குடுப்பம்."

அவன் ஏணி வைத்து மேல் தட்டிலிருந்து பச்சை டின்னை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தான். டின்பாலும் கிரீம் கிராக்கரும் அவரே எடுத்துக்கொண்டார்.

முதல் குவளையை வான்மதி ஒரு மிடறு குடித்துவிட்டு மெல்லச் சிரித்தாள். "இது மைலோத் தண்ணி ஆன்ட்டி."

"அப்பிடிச் சொல்லும்! இப்பதான் சொல்லப் பழகிறீர்."

இரண்டாவது குவளை கூழ்போல இருந்தது. கரண்டி நின்றது. வான்மதி ஒரு பிஸ்கட்டைத் தோய்த்தாள். பிறகு இன்னொன்று. தலை நிமிராமல், பாதிப் பாக்கெட்டை முடித்தாள். பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அதன்பின் தூங்கினாள், வாய் திறந்தபடி. பின்னேரம் எழும்பி, தானாகவே சோறும் பருப்பும் கேட்டாள்.

சுறா வறை மிஞ்சிக் கிடந்தது. சற்குணம் அடுப்படியில் நின்றபடி சோற்றோடு பிசைந்து உண்டார். தனக்கென்று அவர் சுறா வாங்குவதில்லை. தனியொருத்திக்காக யார் அந்தத் தோலைச் சுரண்டுவது? இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டார். உப்பும் உறைப்பும் சரியாகத்தான் இருந்தன. தட்டை வழித்துக் கழுவி வைத்தார்.

மறுநாள் காலை மிட்வைஃப் தராசை விரித்தாள். யனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிள்ளையை உடுப்பின்றிக் கிடத்தியதும் அது வீறிட்டது. மிட்வைஃப் குனிந்து எண்ணைப் பார்த்தாள், வான்மதியைப் பார்த்தாள், பெருவிரலை உயர்த்தினாள். ஏறியது கொஞ்சம்தான். ஆனால் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு, பதிலைக் கேட்டுச் சிரித்தாள். அதுவும் நல்லதுதான், கூட முட்டையும் சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சற்குணம் முட்டைப் பெட்டியைத் திறந்தார். இரண்டைக் கையில் எடுத்தவர், அடுப்பைப் பற்றவைக்காமல் அறை வாசலுக்குப் போனார்.

"பிள்ளை, முட்டை அவிக்கவோ, பொரிக்கவோ?"

"ஹாஃப் பாயில் ஆன்ட்டி," என்றாள் வான்மதி, கொஞ்சமும் தயங்காமல். "அரைவேக்காடா அவிச்சு, மேல சோயா சாஸ் ஊத்தி, வெள்ளை மிளகு தூவி."

"சோயா சோஸோ!"

முட்டைகளைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு, சற்குணம் கோட்டைத் தேடினார்.